தலைக்குக் குளித்ததுதான் காரணமா?

நம் வீடுகளில் வயதான பெண்களுக்கு இழுப்பு வந்துவிட்டால், டாக்டரைத் தேடுவதற்கு முன் குற்றவாளியைத் தேடுகிறோம். "நேத்து மோர் குடிச்சீங்க இல்ல?", "வெள்ளிக்கிழமைன்னு தலைக்கு ஊத்திக்கிட்டா இப்படித்தான்" என்று நோயாளியையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் முதலில் விட வேண்டும்.

என் மாமியாருக்கு வயது 64. பீடி, சிகரெட் புகைத்தவர் அல்ல. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷம் விறகு அடுப்பு முன்னால் ஊதாங்குழலோடு உட்கார்ந்தவர். கேஸ் அடுப்பு வந்தபோது நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். இன்ஹேலரைத் தவறாமல் இழுத்தும், ஒரே வருஷத்தில் நாலு தடவை சளி பழுத்து, காய்ச்சலோடு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். அவரும் பயந்து தயிரை விட்டார், பழத்தை விட்டார், குளிக்கவே யோசித்தார். உடம்பு இளைத்ததுதான் மிச்சம்.

நாலாவது தடவை பார்த்த டாக்டர்தான், "வருஷத்துக்கு எத்தனை முறை இப்படி வருது?" என்று கேட்டார். ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். இதில் ஐ.ஜி.ஜி. என்ற வகை, பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 700 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாதாம். அத்தைக்கு 480 தான் இருந்தது. கிருமிகளை எதிர்க்கும் புரதம் இது. காவல் குறைந்த வீட்டில் திருடன் திரும்பத் திரும்ப நுழைவது போல, ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலில் கிருமி மறுபடி மறுபடி புகுந்துவிடுகிறது. மோர் என்ன செய்யும், பாவம்!

"புரதம் குறைவு" என்றதும் அடுத்த கூத்து ஆரம்பித்தது. ஆளுக்கொரு சத்துமாவு டப்பாவோடு வந்தார்கள். முட்டையிலும் பருப்பிலும் இருக்கும் புரதம் வேறு, இது வேறு. இதை உடம்பில் உள்ள வெள்ளணுக்கள்தான் தயாரிக்கின்றன. நல்ல சாப்பாடு அவசியம்தான். ஆனால் டப்பா மாவு இந்தக் குறையைத் தீர்க்காது. சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கும். சிலருக்கு ரத்தப் புற்றுநோய், சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுவது, அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றாலும் குறையுமாம். (அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. அது ஆபத்து.)

இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1952-லேயே அமெரிக்காவில் புரூட்டன் என்ற ராணுவ டாக்டர், அடிக்கடி கிருமித் தொற்று வந்த 8 வயதுப் பையனுக்கு இந்தப் புரதமே இல்லை என்று கண்டுபிடித்து, ஊசி மூலம் அதைக் கொடுத்துக் காப்பாற்றினார். சி.ஓ.பி.டி. நோயாளிகளிலும் இந்தப் புரதம் குறைந்தவர்களுக்கு நோய் அடிக்கடி முற்றி, ஆஸ்பத்திரிவாசம் அதிகமாகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

அதற்காக இருமுகிற எல்லோரும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. புகை, தூசி, சாதாரண சளிக் காய்ச்சல், இன்ஹேலரைச் சரியாக இழுக்காதது இவைதான் பெரும்பாலும் காரணம். டெஸ்டில் குறைவு என்று வந்தாலும் எல்லோருக்கும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதில்லை. தானமாகக் கிடைக்கும் ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதால் விலையும் மிக அதிகம். அத்தைக்கு நிமோனியா தடுப்பூசியும் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டார்கள். சளி நிறம் மாறினால் அன்றைக்கே வரச் சொன்னார்கள். அளவை அவ்வப்போது பார்க்கிறார்கள். அதன் பிறகு வந்த வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். வீட்டு ஆம்பளைக்கு நாலு தடவை மூச்சு முட்டியிருந்தால் இரண்டாவது தடவையே பெரிய டாக்டரிடம் ஓடியிருப்போம். பெண்களுக்கு என்றால், "வயசாச்சு, அடுப்புப் புகை, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அவர்களும், "எனக்கு எதுக்கு அவ்வளவு செலவு?" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் நுரையீரல் நோயாளி இருந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். பால் கணக்கு எழுதுகிற நமக்கு இது கஷ்டமா? எந்தத் தேதியில் இழுப்பு வந்தது, சளி என்ன நிறம், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். வருஷத்தில் இரண்டு, மூன்று தடவைக்கு மேல் போனால் அந்த நோட்டை டாக்டரிடம் காட்டி, "எதிர்ப்புப் புரதம் பார்க்கணுமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவரிடம் போய், "மோர் குடிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்.