தடுமாறத் தெரியாத தாண்டல் வீரர்கள்

2015 பிப்ரவரி 15 அன்று நார்வேயின் விக்கர்சுண்ட் மலைச்சரிவில் ரஷ்ய வீரர் டிமித்ரி வாசிலியேவ் 254 மீட்டர் பறந்தார். ஸ்கை ஜம்பிங்கில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் சரிவு ஏறக்குறைய முடிந்து தரை சமமாகும் இடம்வரை வந்து இறங்கியதால், நிற்க முடியாமல் விழுந்தார். அதே நாளில் 251.5 மீட்டர் தாண்டி விழாமல் நின்ற நார்வே வீரர் ஆண்டர்ஸ் ஃபன்னமெல் பெயரில்தான் உலக சாதனை பதிவானது. பறந்த தூரம் சாதனைக் கணக்கில் ஏற வேண்டுமானால் இறங்கி நிற்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. இந்த விளையாட்டை வைத்து நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் வீடியோ கேம்களில் பலவும் அந்த விதியைப் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் வீரர் அழகாக நிற்பார், இல்லையென்றால் உருண்டு விழுவார். தடுமாறுவது, சமாளிப்பது, சமாளித்தும் மதிப்பெண் இழப்பது என்ற நடுப்பகுதி அவற்றில் இல்லை. ஆட்டக்காரரின் திறமை வெளிப்பட வேண்டிய இடமே அந்த நடுப்பகுதிதான் என்பது என் வாதம்.

கேம் தயாரிப்பாளர்கள் இதை அறவே கவனிக்காமல் விட்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். 1985இல் எபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘விண்டர் கேம்ஸ்’, காற்றில் இருக்கும் வீரரின் உடலைத் தனிச்சட்டத்தில் பெரிதாகக் காட்டி, கோணல்களை ஜாய்ஸ்டிக்கால் திருத்தச் சொன்னது. உடலின் நிலைதான் ஆட்டம் என்று அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள். பிறகு பின்லாந்தின் யுஸ்ஸி கொஸ்கெலா உருவாக்கிய ‘டீலக்ஸ் ஸ்கை ஜம்ப்’ வந்தது. பார்வைக்கு மிக எளிமையான, மவுஸால் ஆடும் கேம். பின்லாந்திலும், ஆடம் மாவிஷ் என்ற வீரரைக் கொண்டாடிக்கொண்டிருந்த போலந்திலும் அதற்குப் பெரும் ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அந்த ஈர்ப்புக்குத் தரையிறக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாதுகாப்பாக இரண்டு காலில் இறங்குவதா, மதிப்பெண்ணுக்காக டெலிமார்க் முறையில் இறங்குவதா, இன்னும் ஒரு மீட்டருக்கு ஆசைப்பட்டுக் காத்திருப்பதா என்று ஆட்டக்காரர் முடிவெடுத்தாக வேண்டும். பேராசைக்கு அங்கே விலை இருந்தது. ஆனால் அந்த விலையும் ஒரு சொடுக்கில் தீர்ந்துவிடும். சொடுக்கிய கணம் சரியா தவறா என்பதோடு கதை முடிந்தது.

நிஜத்தில் அது ஒரு கணத்து வேலையல்ல. டெலிமார்க் என்றால் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் மடங்கி, கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்த நிலை. பெரிய சரிவுகளில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இப்படி இறங்குகிறார்கள். எலும்பு தாங்குவதற்குக் காரணம், சரிவும் அவர்கள் பறந்துவரும் பாதையும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் இருப்பதுதான். அந்த வேகத்தில் பாதைக்கும் தரைக்கும் இடையே 5 பாகை வித்தியாசம் இருந்தால், சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்த அளவுக்கே அடி விழும். வித்தியாசம் 10 பாகையானால் அது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். கோணம் இரட்டிக்க, அதிர்ச்சி நான்கு மடங்காகிறது. சரிவின் கடைசிப் பகுதி சமமாகிக்கொண்டே போவதால், தூரம் கூடக்கூடக் கோணமும் கூடும். வாசிலியேவ் விழுந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இறங்கியதோடும் வேலை முடியவில்லை. சரிவு வளைந்து சமதளமாகும் இடத்தில் உடல் எடை கூடியதுபோல் கீழே அழுத்தும். அதைத் தாங்கிக்கொண்டு, தளத்தில் குறித்திருக்கும் ஒரு கோட்டைக் கடக்க வேண்டும். கோட்டுக்கு முன்னால் விழுந்தால் அது விழுகையாகக் கணக்காகும். கோட்டைக் கடந்தபின் விழுந்தால் புள்ளிக்குச் சேதமில்லை. சில விநாடிகள் நீளும் இந்த ஓட்டத்தைத்தான் பல கேம்கள் வெறும் கைதட்டல் காட்சியாக்கிவிடுகின்றன.

புள்ளிக் கணக்கைப் பார்த்தால் அந்த விநாடிகளின் எடை தெரியும். ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை மதிப்பெண் தருவார்கள். அதிகமான ஒன்றும் குறைவான ஒன்றும் கழிக்கப்பட்டு, மீதி மூன்றின் கூட்டுத்தொகை தூரத்துக்கான புள்ளியோடு சேர்க்கப்படும். டெலிமார்க் இல்லாமல் இறங்கினால் ஒவ்வொரு நடுவரும் குறைந்தது 2 புள்ளி பிடிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கப்படி மொத்த இழப்பு குறைந்தது 6 புள்ளி. பெரிய சரிவில் ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி என்பதால், அந்த ஆறு புள்ளி 3.3 மீட்டருக்குச் சமம். மிகப் பெரிய பறத்தல் சரிவுகளில் மீட்டருக்கு 1.2 புள்ளிதான், எனவே அங்கே 5 மீட்டர். இறங்கும்போது காட்டும் ஒரு சிறு பதற்றம் காற்றில் சேர்த்த மீட்டர்களைத் தின்றுவிடுகிறது. ஒரு கேமில் இந்தத் தராசின் ஒரு தட்டு மட்டும் நுணுக்கமாகவும் மறுதட்டு ‘ஆம், இல்லை’ என்றும் இருந்தால், ஆட்டக்காரர் தூரத்தை மட்டுமே துரத்தக் கற்றுக்கொள்வார். கேம் அவருக்கு அதைத்தான் சொல்லித்தருகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, விளையாட வந்தவனைப் பாடாய்ப் படுத்தாதே என்பது. இரண்டு பொத்தானில் ஓடும் கேமில் முழங்கால், இடுப்பு, கணுக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை கொடுத்தால் யாரும் சீண்டமாட்டார்கள். உண்மைதான். ஆனால் நான் கேட்பது அதிக விசைகளை அல்ல. காற்றில் உடலைச் சாய்க்கும் அதே மவுஸ் அசைவு, தரையைத் தொட்ட பிறகும் இரண்டு மூன்று விநாடி உயிரோடு இருந்தால் போதும். முன்னே சாய்ந்து இறங்கியவர் பின்னே இழுத்துச் சமநிலைக்கு வரட்டும். அதிகம் இழுத்தால் பின்பக்கம் உட்காரட்டும், கை பனியைத் தொடட்டும், நடுவர்கள் புள்ளியைக் குறைக்கட்டும். ஒரே ஒரு கட்டுப்பாட்டிலிருந்து பல அளவிலான விளைவுகள் பிறக்கும் ஏற்பாடு இது. ஆடத் தொடங்குவதற்கும் எளிது, தேர்ச்சி பெறவோ நாளாகும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. உலகக் கோப்பைப் போட்டிகளில் வீரர்கள் அடிக்கடி விழுவதில்லை, ஆகவே தரையிறக்கத்தைக் கடினமாக்குவது நிஜத்துக்கே விரோதம் என்கிறார்கள். விழுகைகள் அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே ‘நின்றார், விழுந்தார்’ என்ற இரட்டைக் கணக்கு பொய்யாகிறது. அந்தக் கணக்கில் தரையிறக்கத்துக்கு அர்த்தம் வர வேண்டுமானால் அடிக்கடி விழவைத்தாக வேண்டும். விழவைக்காவிட்டால் அது சடங்காகிவிடும். நிஜப் போட்டியில் வித்தியாசத்தை உண்டாக்குவது விழுகை அல்ல, நடுவர் தரும் 17.5க்கும் 19க்கும் இடையிலான இடைவெளி. தடுமாறிச் சமாளிக்கும் வாய்ப்பைக் கொடுத்தால் விழுகைகள் குறையும், மதிப்பெண்கள் விரியும். நிஜத்துக்கு நெருக்கமான வழி அதுதான்.

மூன்றாவது, இயற்பியலைக் கணினியிடம் விட்டால் ஆட்டம் குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும் என்ற அச்சம். ‘நான் சரியாகத்தானே செய்தேன், ஏன் விழுந்தேன்?’ என்று கேட்க வைக்கும் கேமை யாரும் மறுபடி திறப்பதில்லை. இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. பதில், காரணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. ஒரே உள்ளீட்டுக்கும் ஒரே காற்றுக்கும் எப்போதும் ஒரே விளைவு வர வேண்டும், பகடை கூடாது. மறுகாட்சியில் எடை எந்தக் காலில் விழுந்தது, எங்கே தாமதம் என்று காட்ட வேண்டும். காற்றின் வேகத்தைத் திரையில் காட்டத் தெரிந்த கேமுக்கு இதையும் காட்ட முடியும். பொம்மைபோல் கைகால் முறுக்கிக்கொண்டு உருளும் விழுகைக் காட்சிகளை நிஜத்தன்மை என்று விளம்பரம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது கேலிக்கூத்து. நிஜ வீரர் கடைசிக் கணம்வரை விழாமலிருக்கப் போராடுவார். அந்தப் போராட்டத்தைக் காட்டாமல் உருளலை மட்டும் காட்டுவது விளையாட்டைப் பற்றிய பொய்.

பனியே விழாத ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டு அறிமுகமாவது நான்காண்டுக்கு ஒருமுறை வரும் குளிர்கால ஒலிம்பிக் ஒளிபரப்பிலும் இப்படிப்பட்ட கேம்களிலும்தான். ஆகவே கேம் காட்டும் படம் அவர்களுக்கு முக்கியம். தயாரிப்பாளர்கள் புதிய சரிவுகளையும் பளபளப்பான பனியையும் சேர்ப்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். அதற்குமுன், இறங்கிய கணத்திலிருந்து அந்தக் கோட்டைக் கடக்கும்வரை கட்டுப்பாட்டை ஆட்டக்காரர் கையிலேயே விட்டுவையுங்கள்.