முதல் கிராவல் சைக்கிள்: எதற்கு இப்போதே காசு கொடுக்கணும், எதை அப்புறம் பார்த்துக்கலாம்?

வீட்டில் போய் "கிராவல் பைக் வாங்கப் போறேன்" என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி "எத்தனை சிசி?" என்பதாகத்தான் இருக்கும். அது சைக்கிள் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வரும்: "ஒரு லட்சமா? அந்தக் காசுக்கு ஸ்கூட்டரே வாங்கலாமேப்பா!"

அந்த இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ இஎம்ஐ போட்டோ வாங்குகிறவருக்கு ஒரு லட்சம் சின்னத் தொகை இல்லை. சிக்கல் என்னவென்றால், பலருக்குச் செலவு அதோடு நிற்பதும் இல்லை. மூணாவது மாசமே "வீல் மாத்தணும், கியர் செட் மாத்தணும்" என்று ஆரம்பித்துவிடும். வருஷம் முடிவதற்குள் இன்னொரு அரை லட்சம் கையை விட்டுப் போயிருக்கும்.

இந்த இரண்டாவது செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சைக்கிளில் எதைப் பிறகு மாற்ற முடியும், எதை மாற்றவே முடியாது என்று வாங்கும் நாளிலேயே பிரித்துப் பார்த்தால் போதும். கடைகளில் நடக்கும் பேச்சோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

அதென்ன கிராவல் சைக்கிள்?

பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரிதான். ஹேண்டில்பார் அதே போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் டயர் அகலம் 38 மி.மீ. முதல் 50 மி.மீ. வரை போகும், டிஸ்க் பிரேக் இருக்கும், கியர் ஏற்றத்துக்கு ஏற்ற மாதிரி இலகுவாக இருக்கும், உட்காரும் நிலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியின் கூர்மையான கல் பாதைகளில் 2006-ல் தொடங்கிய 200 மைல் போட்டி, இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியதில் முக்கியப் பங்கு வகித்தது. அந்தப் போட்டிக்கு இப்போது 'அன்பவுண்ட் கிராவல்' என்று பெயர். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் கிராவலுக்கென்றே 'ஜிஆர்எக்ஸ்' என்ற கியர் வரிசையைக் கொண்டுவந்தது 2019-ல்.

கன்சாஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊரில் கேபிளுக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய தார் ரோடு, ஏரிக்கரை மண் பாதை, கல் பெயர்ந்த ஊராட்சிச் சாலை எல்லாமே ஒரே காலை ரைடில் வந்துவிடும். 25 மி.மீ. டயரில் இதை ஓட்டினால் கை மரத்துப்போகும். இங்கே கிராவல் சைக்கிளுக்கு அர்த்தம் வருவது இதனால்தான். ஈசிஆரின் நல்ல தாரில் மட்டும், வேகத்துக்காக ஓட்டுகிறவருக்கு ரோட் பைக்கே போதும். தினமும் 8 கி.மீ. ஆபீஸ் போய் வர மட்டும் என்றால், இதில் பாதிக்கும் குறைவான விலையில் நல்ல ஹைப்ரிட் சைக்கிள் கிடைக்கும்.

மாற்ற முடியாத விஷயங்கள்

முதல் இடம் சைஸுக்கு. கடையில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

"அண்ணா, எனக்கு லார்ஜ் வரும்னு போட்டிருந்துச்சே?"

"லார்ஜ் ஸ்டாக் இல்ல தம்பி. மீடியம் எடுத்துக்கோங்க, சீட்டை ஏத்திக்கலாம், ஸ்டெம் மாத்திக்கலாம். ஓகேதான்."

ஓகே இல்லை. சீட்டை ஏற்றினால் கால் சரியாகலாம்; ஃபிரேமின் நீளமும் முன்பக்க உயரமும் அப்படியே இருக்கும். முதுகுவலியும் கழுத்துவலியும் 40 கி.மீ. தாண்டியதும் ஆரம்பிக்கும். ஆஃபரில் கிடைக்கும் தப்பான சைஸை விட, ஒரு படி கீழான மாடலில் சரியான சைஸ் எப்போதும் மேல். ஸ்டாக் வரும்வரை மூணு மாசம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்து, ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் எவ்வளவு அகல டயர் நுழையும் என்று கேட்கணும். 35 மி.மீ.யோடு நின்றுவிடும் ஃபிரேமைக் கிராவல் என்று விற்றாலும், மண் பாதையில் அதன் எல்லை சீக்கிரமே தெரிந்துவிடும். 40-க்கு மேல் இருப்பது நல்லது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் அச்சு, 12 மி.மீ. த்ரூ ஆக்சிலா, பழைய க்விக் ரிலீஸா? பழைய வகை என்றால், பின்னாளில் நல்ல டிஸ்க் சக்கரம் தேடும்போது வாய்ப்புகள் குறைந்துபோகும். ரிம் 'ட்யூப்லெஸ் ரெடி'யா? மட்கார்டும் கேரியரும் மாட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா? நவம்பர் மழையில் ஆபீஸ் போகிறவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி கார்பன் ஃபோர்க்கை விட முக்கியம்.

பிரேக்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

வளைந்த ஹேண்டில்பார் சைக்கிளில் பிரேக் லிவரும் கியர் மாற்றும் ஷிஃப்டரும் ஒரே உறுப்பு. "இப்போதைக்குக் கேபிள் டிஸ்க் எடுத்துக்கலாம், ஹைட்ராலிக் அப்புறம் போட்டுக்கலாம்" என்பது கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அப்போது லிவர் மாறணும். லிவரோடு ஷிஃப்டர் மாறும். ஷிஃப்டருக்கு ஒத்துப்போகிற டிரெய்லர் வேணும். அதற்கு ஏற்ற கேசட், செயின் வேணும். 8 கியர் கிளாரிஸில் தொடங்கியவர் ஜிஆர்எக்ஸுக்குப் போவதென்றால் கிட்டத்தட்ட எல்லாமே புதுசு. ஷிமானோ 2023-ல் கொண்டுவந்த 'க்யூஸ்' வரிசையும் பழைய பாகங்களோடு சேராது. 10 பல்லில் தொடங்கும் 12 கியர் கேசட் வேண்டுமென்றால், பின்சக்கரத்தின் ஃப்ரீஹப் கூட வேறு வகையாக இருக்கணும்.

தனியாக வாங்கினால் இந்தச் செலவு எளிதாக 50,000 ரூபாயைத் தொடும். அதே பாகங்கள் பொருத்தப்பட்ட மேல் மாடலுக்கும் கீழ் மாடலுக்கும் கடையில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சைக்கிள் நிறுவனங்கள் பாகங்களை மொத்தமாக, நமக்குக் கிடைக்காத விலையில் வாங்குகின்றன. கழற்றிய கிளாரிஸ் செட்டை விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஆகவே ஹைட்ராலிக் வேணுமா வேண்டாமா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்: கேபிள் பிரேக்கும் நிற்கும், ஆனால் விரல் வலி எடுத்துவிடும். மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர், மழையில் ஓட்டுகிறவர், கை சின்னதாக உள்ளவர் கூடுதலாகக் கொடுக்கலாம். சமதளத்திலேயே ஓட்டுகிறவருக்கு நல்ல பேடும், அழுத்தினால் சுருங்காத அவுட்டர் கேபிளும் போதும். சில ஆயிரத்தில் முடிந்துவிடும்.

எடை மோகமும் ஒரு சின்னக் கணக்கும்

சமூக ஊடகங்களில் அதிகம் பேசப்படும் அப்கிரேட் கார்பன் சக்கரம். அரை கிலோ குறையும் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ள ஒருவர், 11 கிலோ சைக்கிள், 8 சதவீத ஏற்றம், கல் கலந்த சாலை. நிமிஷத்துக்கு 60 மிதி. காற்றெதிர்ப்பை விட்டுவிடலாம், இந்த வேகத்தில் அது பெரிதில்லை.

முன்பக்கம் 34 பல், பின்பக்கம் பெரிய கியர் 28 பல் என்றால், மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.21 முறை சுற்றும். வேகம் மணிக்கு 9.6 கி.மீ. இதற்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 200 வாட். புதிதாக ஓட்டத் தொடங்கியவர் இதை ஒரு மணி நேரம் தாங்குவது ரொம்பக் கஷ்டம். பாதியில் இறங்கித் தள்ளுவார். பின்பக்கக் கேசட்டை 34 பல் உள்ளதாக மாற்றினால் விகிதம் 1. அதே மிதி வேகத்தில் வேகம் 7.9 கி.மீ.யாகக் குறையும், தேவைப்படும் சக்தியும் 163 வாட்டாக இறங்கும். மெதுவாகத்தான், ஆனால் மேலே போய்ச் சேரலாம்.

அரை கிலோ குறைந்த கார்பன் சக்கரம்? அதே ஏற்றத்தில், அதே வேகத்தில் மிச்சமாவது ஒரு வாட்டுக்கும் கீழே. 8 கியர் கேசட் இரண்டு மூன்றாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும்; கார்பன் சக்கரத்துக்கு அதைப்போல இருபது மடங்காவது ஆகும். புது கேசட் வாங்கும் முன் டிரெய்லர் அதிகபட்சம் எத்தனை பல் வரை தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கணும். கிளாரிஸின் நீளக் கேஜ் டிரெய்லருக்கு அது 34.

முன்பக்கம் ஒரே வட்டு, 40 பல், பின்பக்கம் 42 என்று வரும் மாடல்களில் விகிதம் 0.95. தொடங்குகிறவருக்கு இது நல்ல அமைப்பு. கியருக்குக் கியர் இடைவெளி கொஞ்சம் அதிகமாகத் தெரியும், பழகிவிடும்.

முதல் அப்கிரேட் டயரில்தான்

சைக்கிளோடு வரும் டயர் பெரும்பாலும் கனமானது, விறைப்பானது. நல்ல டயர் ஒரு ஜோடி, அதையும் ட்யூப்லெஸ்ஸாக மாற்றுவது: கொடுத்த காசு முதல் நாளே தெரிகிற மாற்றம் இதுதான். தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, சீமைக்கருவேல முள். ஏரிக்கரைப் பாதை எதிலும் அது கிடக்கும். ட்யூப் போட்ட டயரில் ஒரே காலையில் மூணு பஞ்சர் என்பது அதிசயமில்லை. ட்யூப்லெஸ்ஸில் உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துவிடும், பல நேரம் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலேயே. 40 மி.மீ. டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ காற்று போதும் என்பதால் குழிகளின் அதிர்வும் குறையும்.

தொல்லையும் உண்டு. நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஊற்றணும். டயர் கிழிந்தால் தெருமுனை பஞ்சர் கடை அண்ணனால் உதவ முடியாது. மெல்லிய பிரஸ்டா வால்வு என்பதால் பெட்ரோல் பங்க் காற்றும் நேரடியாக ஏறாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கணும். கூடவே ஒரு மாற்று ட்யூப், பிளக், கை பம்ப்.

டயருக்குப் பிறகு சேடில், அதுவும் உட்கார்ந்து வலித்தால் மட்டும்.

பட்ஜெட் போடும்போது

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கடைக்காரர் பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் தயங்காமல் கேட்கலாம். செகண்ட் ஹேண்ட் சந்தையையும் ஒதுக்க வேண்டாம். ஆர்வத்தில் வாங்கி நாலு ரைடோடு நிறுத்தியவர்களின் சைக்கிள்கள் அங்கே வருகின்றன. அலுமினிய ஃபிரேம் என்றால் வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, செயின் தேய்மானத்தை அளக்கும் கருவியோடு போனால் பாதிச் சந்தேகம் தீரும். கார்பன் என்றால் விஷயம் தெரிந்தவர் கூட வருவது நல்லது.

கையில் ஒரு லட்சம் இருக்கிறது என்றால், முழுவதையும் சைக்கிளிலேயே போட வேண்டாம். ஹெல்மெட், லைட், பம்ப், பூட்டு, பெடல் என்று 10,000 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். இன்னொரு 8,000-ஐ டயருக்கு எடுத்து வைக்கலாம். மீதி 80 சொச்சத்தில் சரியான சைஸ் அலுமினிய ஃபிரேம், 40 மி.மீ. இடைவெளி, த்ரூ ஆக்சில், ட்யூப்லெஸ் ரெடி ரிம் ஆகியவற்றைத் தேடலாம். கியர் எந்த வரிசை என்பது அதற்கு அப்புறம். அதில் வரும் 8 அல்லது 9 கியர் செட்டை, செயின் சுத்தமாக வைத்து, தேயும் வரை ஓட்டலாம். 200 கி.மீ. பிரெவேக்கு 13 மணி 30 நிமிஷம் தருகிறார்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே போனாலே அதை முடித்துவிடலாம், கிளாரிஸிலேயே.