நிற்கும் தட்டும் கிடக்கும் நூலும்

ஜெர்மன் மொழி பயிலப் புகும் மாணவர் பலர், இடமுணர்த்தும் சொற்களின் வாய்பாட்டைக் கண்ட அளவிலே மலைத்து நின்றுவிடுகின்றனர். "மேசைமேல் புத்தகம் உளது என்று கூறுதற்கு இத்தனை விதிகளோ?" என்பது அவர்தம் வினா. அவ்விதிகள் வீண் சுமை என்பாரோடு யாம் உடன்படோம். அவற்றைக் கற்கும் முறையே சுமையாயிற்று என்பது எம் கருத்து.

வீட்டுப் பொருள் எதனையும் 'இருக்கிறது' என்னும் ஒரு சொல்லாற் சுட்டி நாம் அமைகின்றோம். ஜெர்மானியரோ அப்பொருள் அமைந்துள்ள நிலையையும் உடன் கூறுவர். குப்பி மேசைமேல் நிற்கும். கம்பளம் தரையிற் கிடக்கும். படம் சுவரில் தொங்கும். திறவுகோல் பூட்டினுட் செருகியிருக்கும். ஷ்டேயென், லீகென், ஹெங்கென், ஷ்டெக்கென் என்பன முறையே அவ்வினைகள். ஒரு நூலே அலமாரியில் நிமிர்ந்திருப்பின் நிற்கும். மேசைமேற் படிந்திருப்பின் கிடக்கும். தட்டையான உண்கலமும், தன் அடிப்பாகம் ஊன்ற அமர்தலின், நிற்பதாகவே கூறப்படும்.

ஈண்டு மொழிபெயர்ப்போர் கருதற்பாலது ஒன்றுண்டு. 'புத்தகம் மேசைமேற் கிடக்கிறது' என நாம் கூறின், பேணுவாரின்றி எறியப்பட்டது என்னும் குறிப்புத் தோன்றும். லீகென் என்னும் வினைக்கு அக்குறிப்பு இல்லை. ஆகலின், சொல்லுக்குச் சொல் வைப்பவர் இல்லாத இகழ்ச்சியை உள்ளதாக்குவர்.

இனி, வேற்றுமையை நோக்குவோம். 'மேசைமேல் வைத்தான்', 'மேசைமேல் உளது' என்னும் ஈரிடத்தும் தமிழில் 'மேசைமேல்' என்பது திரிவதில்லை. ஜெர்மனில், வைக்குங்கால் 'அவுஃப் டேன் டிஷ்' என்றும், வைத்தபின் 'அவுஃப் டேம் டிஷ்' என்றும் வரும். முன்னது நம் இரண்டாம் வேற்றுமையையும், பின்னது நான்காவதையும் ஒக்கும். 'வீட்டிற்குச் சென்றான்' என நமக்குச் செலவு உணர்த்தும் நான்காம் வேற்றுமை, அவர்க்கு ஈண்டு நிலைபேற்றை உணர்த்துகின்றது. தமிழ் மாணவர் இடறுமிடம் இதுவே. இவ்வாறு இரு வேற்றுமையும் ஏற்கும் இடச்சொற்கள் 9 ஆகும்.

தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு 19 சொற்களைத் தொகுத்துரைத்தார். அவற்றுள் கீழ், முன், பின், இடை, அயல் என்பவற்றிற்கு நேரான சொற்கள் அவ்வொன்பதனுள் உள. 'மேல்' என்பதோ ஆங்கு இரண்டாய்ப் பிரியும். விளக்கு மேசையைத் தொட்டிருப்பின் அவுஃப். தொடாது உயரத்தே தொங்கின் யூபர். நம் 'மேல்' இவ்விரண்டனையும் பொதுவின் அடக்குதலை, பிறமொழி கற்ற பின்னரன்றோ தெளிகின்றோம்!

எனவே, மாணவர் வாய்பாட்டை நெட்டுருச் செய்தலோடு அமையாது, தம் அறையிலுள்ள நாற்காலி, விளக்கு, பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நோக்கி, எங்கே எந்நிலையில் உளது எனக் கூறிப் பழகல் வேண்டும். பின் அவற்றை இடம்மாற்றி வைத்து, அச்செயலையும் கூறல் வேண்டும். தமிழ் பயிலும் எம்மனோர்க்கும் இஃது ஏற்புடைத்து. பத்தொன்பது சொற்களையும் மூச்சுவிடாது ஒப்புவிப்பார் பலர். அவற்றைப் பொருளொடு பொருத்திக் காண்பார் சிலரே. கண்முன் உள்ள பொருளைக் காணாது கற்கும் இலக்கணம் தேர்வு நாளோடு ஒழியும். கண்டு கற்பதோ என்றும் உடன்நிற்கும்.