பெயர் கொடுக்கும் முன்...



வீட்டில் இருந்தபடியே பொதுத்தொண்டு செய்ய இன்று இணையம் வழி திறந்துள்ளது. ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்தே இணையவழித் தொண்டர்களைச் சேர்த்து வருகிறது. கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் படித்த பெண்ணுக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் பெயர் கொடுப்பது இலேசாகிவிட்டதால், கைவிடுவதும் இலேசாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று. தந்தை இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு 'ஸூம்' வழியாகக் கணிதம் சொல்லிக் கொடுக்க ஒரு சகோதரி முன்வந்தார். மூன்று சனிக்கிழமைகள் வந்தார். நான்காவது வாரம் வரவில்லை. ஒரு செய்தியும் இல்லை. உம்மா கடன் வாங்கி டேட்டா போட்டுக் கொடுத்த போனை வைத்துக்கொண்டு பிள்ளை ஒரு மணி நேரம் காத்திருந்தது. பிறகு கேட்டதாம்: "நான் மொக்கு என்றுதான் டீச்சர் வரல்லையா, உம்மா?"

அந்தச் சகோதரி கெட்டவரல்லர். வீட்டில் ஏதோ வேலை வந்திருக்கும். ஆனால் எதை ஏற்றோம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

இணையத் தொண்டு இரு வகை. 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய 'பீ மை ஐஸ்' செயலியில், பார்வையற்றவரின் அழைப்பு ஒரே நேரத்தில் பல தொண்டர்களுக்குப் போகும். முதலில் எடுப்பவர் கமெரா வழியே பார்த்து, மருந்துப் போத்தலின் திகதியை வாசித்துச் சொல்வார். நீங்கள் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார். பாடம் சொல்லிக் கொடுப்பதோ அப்படியல்ல. அங்கே ஒரு பிள்ளை உங்களுக்காகவே காத்திருக்கிறது. நேரம் நிச்சயமில்லாதவர்கள் முதல் வகையைத் தெரிவு செய்யுங்கள். அதற்கும் நன்மையுண்டு.

பிறருக்காக ஏற்ற நேரமும் அமானிதமே. வாக்கு மீறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மறக்க வேண்டாம். சிறிதானாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக அறிந்திருக்கிறோம். ஆகவே வாரம் நான்கு மணி நேரம் என்று சொல்லாதீர்கள். அரை மணி நேரம் என்று சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். முடியாத நாளில் முன்கூட்டியே ஒரு வரி அறிவியுங்கள்.

தொண்டர்களைச் சேர்ப்போருக்கும் ஒரு சொல். சிறிய வேலையும் முடிவுத் திகதியும் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை சுகம் விசாரியுங்கள். விலக விரும்புபவரை வெட்கப்படுத்தாமல் வழியனுப்புங்கள். அவர் சொல்லாமல் மறைவதைவிட அது நல்லது.

ஏற்றதை நிறைவேற்றும் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்த்தருள்வானாக. ஆமீன்.