பெயர் சொல்லத் தயங்கியவர்கள்

சென்ற மாதக் கூட்டம் முடிந்தபின் சங்கக் கூடத்தில் ஒரு பேச்சு எழுந்தது. தேர்தல் வந்தால் ஊருக்குப் போய் வாக்களிப்பதா, இங்கேயே வாக்களிப்பதா? விசாரித்ததில், பலருடைய பெயர் ஊர்ப் பட்டியலில் இருந்தது. சிலருடைய பெயர் எங்குமே இல்லை. அச்சிலரில் பெரும்பாலோர் தாய்மார்கள்.

நமக்குப் பழைய செய்தியொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளையர் ஆட்சியில் வாக்கு என்பது சொத்தோ வரியோ படிப்போ உடையவர்களுக்கு உரியதாக இருந்தது. 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கச் சென்னைச் சட்டசபை தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. ஆயினும் சொத்துத் தகுதி அவர்களையும் விடவில்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவே அவ்வேலியைப் பிடுங்கியது. 21 வயது நிரம்பியவரெல்லாம் வாக்காளராயினர்; 1989-ல் அது 18 ஆயிற்று.

வேலி போயிற்று, பெயர் வேண்டியிருந்தது. 1951-52 பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்க வந்த அலுவலர்களிடம், வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள், 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டுமே சொன்னார்கள். நம் பாட்டிமார் கணவன் பெயரைச் சொல்லக் கூசினர். இவர்களோ தம் பெயரையே அயலாரிடம் சொல்லக் கூசினர்! சொந்தப் பெயரில்லாத பதிவு கூடாதென்றார் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் இழந்தனர். கடுமையான முடிவுதான், ஆயினும் சரியான முடிவென்றே நாம் கருதுகிறோம். இன்னாருடைய மனைவி என்பவள் வாக்காளர் ஆகமாட்டாள் அல்லவா?

நம் இல்லங்களில் காரணம் வேறு. மாற்றலாகி வந்த கணவர் தம் முகவரியை எங்கும் மாற்றிக்கொள்கிறார். மனைவியின் பெயரோ திருச்சியிலோ திருநெல்வேலியிலோ கிடந்து, வீடு பூட்டியிருப்பது கண்டு ஒருநாள் நீக்கப்படுகிறது. ஊரில் சொந்த வீடு இருக்கிறதே என்பார்கள். வீடு இருப்பதை மட்டும் கொண்டு ஒருவரை அவ்வூரில் வழக்கமாக வசிப்பவராக 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஏற்பதில்லை. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருக்கவும் விடாது. மேலும், இங்கே குழாயில் நீர் வராதபோது குடத்துடன் நிற்பவர் அந்தத் தாய்மார்தாம். முறையிடப் போனால், எந்தப் பகுதி வாக்காளர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

புதிதாகச் சேர்வோருக்கு 6-ஆம் எண் படிவம். வசிப்பிடம் மாறியோருக்கு 8-ஆம் எண் படிவம். வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் இவற்றை நிரப்பச் சங்க அலுவலகத்தில் உதவி கிடைக்கும். தாய்மார்கள் தாங்களே வந்து தம் பெயரைச் சொல்ல வேண்டுகிறோம்.