இடிப்பதோ, எடுத்துக் கட்டுவதோ?

2021 திசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து வீழ்ந்து மாணாக்கர் மூவர் மாண்டனர். அதன்பின், பாழடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்குமாறு அரசு பணித்தது. உயிர்க்கு ஊறு செய்யும் கட்டடம் இடிபட வேண்டுவதே. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால், பழையது என்னும் ஒன்றையே குற்றமாக்கி, உரமுள்ள கட்டடத்தையும் தகர்ப்பது அறிவுடைமையாமோ?

தடித்த சுண்ணாம்புச் சுவரும், உயர்ந்த ஓட்டுக் கூரையும், எதிரெதிர்ப் பலகணிகளும் இம்மண்ணின் வெயிலை அறிந்தோர் கண்ட அமைப்பு. மேலெழும் வெப்பம் ஓட்டிடுக்கின் வழியே வெளியேறும். காற்று குறுக்கே ஓடும். அவற்றை அகற்றி எழுப்பும் தாழ்ந்த கற்காரைப் பெட்டியோ, பகலெல்லாம் வெயிலைக் குடித்துப் பிள்ளைகளின் தலைமேல் உமிழ்கின்றது. அதனைக் கட்டப் பைஞ்சுதைச் சூளை புகைய வேண்டும். அதனுள் அமர மின்விசிறி ஓயாது சுழல வேண்டும்.

செய்யத்தக்கது யாது? கட்டடப் பொறிஞர் ஆய்ந்து உரமுடையதென்று காட்டியவற்றைச் செப்பனிடுக. உடைந்த ஓட்டை மாற்றுக. மட்டக்கூரையாயின் தட்டோடு பதித்து வெண்சுண்ணம் பூசுக. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேமிப்பைத் தூர்வாருக. மேற்கு வெயிலை மறைக்க, சுவரினின்று சற்றே தள்ளி வேம்பும் புங்கும் நடுக.

தமிழ்வழியில் பயிலும் ஏழைப் பிள்ளை வெயிலில் வேக, ஆங்கிலம் குளிரறையில் வீற்றிருப்பதோ? தமிழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக் கூரையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குங்கள்!