இதயம் வீங்கியிருக்கிறதா? காரணத்தைத் தேடுங்கள்!

"ஐயா, எக்ஸ்ரேல இதயம் பெரிசாயிருக்குன்னு சொல்லிட்டாங்க. இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் நானே நிறுத்திட்டேன். மருதம்பட்டைக் கஷாயம் கொடுங்க, போதும்!"

அரக்கோணத்தில் என்னிடம் வந்த ஒரு பெரியவர் இப்படிச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. இரண்டு கால்களும் வீங்கியிருந்தன; விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நான் கஷாயம் கொடுக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "சித்த வைத்தியரே இப்படிச் செய்யலாமா?" என்று வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். செய்யத்தான் வேண்டும்!

இதய வீக்கம் என்பது தனி நோயல்ல, நோயின் அடையாளம். ரத்தக்கொதிப்பை எதிர்த்து வருஷக்கணக்கில் உழைத்தால், மூட்டை தூக்குபவரின் புஜம் போல இதயச் சுவர் தடித்துவிடும். மாரடைப்பாலோ குடியாலோ தசை பலமிழந்தால் இதயம் பலூன் போல விரியும். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கலாம். பிரசவத்தை ஒட்டியும் சில பெண்களுக்கு வரும், பரம்பரையாகவும் வரும்.

எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். மூச்சை நன்றாக இழுக்காமல் எடுத்தாலே இதயம் பெரிதாகத் தெரியும். 'எக்கோ' எடுத்தால் சுவர், வால்வு, பம்ப் செய்யும் பலம் மூன்றும் தெரிந்துவிடும். கொதிப்பைக் கட்டுப்படுத்தி, குடியை விட்டு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பலருக்கு வீக்கம் குறைந்திருக்கிறது.

மருதம்பட்டையை நான் மதிக்கிறவன். ஆனால் கெட்டுப்போன வால்வை அது சரிசெய்யாது. நீர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மாற்றாகாது. சேர்த்துச் சாப்பிட விரும்பினால் இரண்டு டாக்டர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.

பக்கத்துத் திருத்தணி மலைக்கு 365 படிகள். போன ஆடிக் கிருத்திகைக்குச் சுலபமாக ஏறியவர் இந்த வருஷம் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தால், "வயசாயிடுச்சு" என்று சமாதானம் சொல்லாதீர்கள். தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியவில்லையா? சாயங்காலம் செருப்பு இறுக்குகிறதா? உடனே பரிசோதியுங்கள். பிரஷர் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கத் தமிழக அரசு 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியதே, எதற்கு? பாதியில் நிறுத்தக் கூடாது என்பதற்குத்தான்.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மருந்து என்று சொல்லித்தான் கல்லூரியில் எங்களுக்கு நாடி பார்க்கக் கற்றுத் தந்தார்கள். அந்தப் பெரியவர் தேறி வீடு திரும்பினார். இப்போது என்னிடம் வரும்போதெல்லாம் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுவருகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்!